மாடியில் மட்டும் நல்ல காற்று

அக்கா கேட்டால் இரும்பும் வாய் திறக்கும். பக்கத்தில் நின்று தொணதொணத்து அதன் வாயை நான்தான் அடைத்துவிடுகிறேன் என்பது அவருடைய நீண்ட நாள் புகார்.

"ரேடியோ, கொஞ்ச நேரம் ஆஃப்ல இரு" என்றார்.

ரேடியோ என்பது நான். அக்கா வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் டிரைவிங் லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யாக இழப்பீடு கேட்பவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய்த் தனியாகத் துப்பறிய வந்தவர். நான் அவருக்கு உதவியாள், டிரைவர், எப்போதாவது மூளை.

அன்று காலை நாங்கள் நின்றது எரிசக்தி, சுற்றுச்சூழல் மண்டல ஆணையத்தின் மொட்டை மாடியில். இந்த வட்டாரத்துக்கு மின்சாரம் போதுமா என்று பார்ப்பவர்களும் அவர்கள்தான், அதைத் தயாரிக்கிறவன் எவ்வளவு புகை விடலாம் என்று சொல்பவர்களும் அவர்கள்தான். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே வக்கீல் மாதிரி. முதல் மாடியில் காற்றுப் பிரிவு, இரண்டாவது மாடியில் மின்சாரப் பிரிவு. ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் ஒரே புகைபோக்கியை இரண்டு ஜன்னல்களிலிருந்து பார்க்கிறார்கள். கீழே இருப்பவருக்குப் புகை தெரிகிறது, மேலே இருப்பவருக்கு வெளிச்சம் தெரிகிறது.

அந்தப் புகைபோக்கி அனல்மின் நிலையத்தின் பழைய யூனிட்டுடையது. விதி ரொம்ப எளிது. காற்றில் தூசி அளவு மீறினால் பழைய யூனிட்டை நிறுத்த வேண்டும். அளவு இறங்கினால் ஓட்டலாம். அளப்பது எங்கள் முன்னால் நின்ற தகரப் பெட்டி. ஒரு சின்ன பீரோ உயரம், நான்கு இரும்புக் கால்கள், மார்பு உயரத்தில் காற்றை உறிஞ்சும் குழாய், பக்கத்தில் ஒரு ஆன்டெனாக் கம்பம். கொஞ்சம் தள்ளி, பூட்டிக் கிடக்கும் ஓர் அறை.

போன வறட்சி மாதங்களில் ஊரே இருமிக்கொண்டிருந்தபோது இந்தப் பெட்டி மட்டும் காற்று சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பழைய யூனிட் நிற்காமல் ஓடியது. அந்த மாதங்களில்தான் இந்தக் கட்டடத்துக் காவலாளியின் மகள், மூன்றாம் வகுப்புக் குழந்தை, மூச்சுத் திணறி இறந்துபோனாள். எங்களைத் தேடி வந்தது அவளுடைய அம்மா. பெட்டியை ஏமாற்றியது யார்? அது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

"இங்க பாரு" என்று அக்கா பெட்டியின் காலைச் சுரண்டினார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. "இந்த மாடியில எவ்வளவு இரும்பு இருக்கு? தொட்டி ஏணி, கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள். எதுலயும் இப்படி இல்ல."

"மழைக்கா."

"மழைக்கு இந்தப் பெட்டி மேல மட்டும் என்ன அவ்வளவு பாசம்?"

எனக்குப் பொறி தட்டியது. எப்போதாவது மூளை என்று சொன்னேன் அல்லவா? "அப்ப யாரோ தண்ணி அடிச்சிருக்காங்க! ஈரத்துல தூசி அமுங்கிடும். பெட்டி உறிஞ்சற காத்துல ஒண்ணும் இருக்காது. மின் நிலையத்துக்காரன் ஒரு ஆளைச் சம்பளம் போட்டு வச்சிருக்கான்க்கா. தினமும் பூவாளியோட வந்து, செடிக்கு ஊத்தற மாதிரி..."

"ஈரம். அது மட்டும் நிச்சயம்" என்று அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "பூவாளியை இப்போதைக்குக் கீழ வை."

கீழே கேட்டை ஒட்டிய அறை வாசலில் காவலாளியின் மனைவி எங்களுக்காகக் காத்திருந்தார். கட்டடத்தைக் கூட்டித் துடைப்பதும் அவர்தான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு தம்ளர் தேநீரை நீட்டினார்.

"நாளைக்குக் காலைல கூட்டம் மேடம்" என்றார். "அந்த யூனிட்டை நிரந்தரமா ஓட்ட அனுமதி கேக்கறாங்க. நம்பர் நல்லா இருந்த அந்த மாசங்களைத்தான் காட்டப் போறாங்களாம். அது பொய்ன்னு யாராவது சொன்னாத்தான் அனுமதி நிக்கும். யாருன்னு ஒரு பேர் சொல்லுங்க, போதும். நான் யாரையும் அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். எல்லார் முன்னாடியும் எழுந்து அந்தப் பேரைச் சொல்லிட்டு உக்காந்துடுவேன்."

இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "கவலையே படாதீங்க! தண்ணி வச்சு ஏமாத்தியிருக்காங்க. பெட்டியைச் சுத்தி ஈரமா வச்சிருந்தா நம்பர் குறைஞ்சிடும். மேல வாங்க, காட்டறேன்."

அக்காவின் செருப்பு என் கால் விரலைத் தேடி வந்து மிதித்தது. வேலை முடியும் முன் பாதியைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

"வேணாம் தம்பி. நான் மேல ஏறறதில்ல" என்றார் அவர். முழங்கால் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

*

கூடத்தில் பெரிய விளம்பரப் படம் ஒன்று மாட்டியிருந்தது. 'ஆணையத்தின் நடவடிக்கையால் மேம்பட்ட காற்று' என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு சிறுமி ஊதுபலூனோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதிக நேரம் பார்க்கவில்லை.

காற்றுப் பிரிவு எஞ்சினியர் மேல்தான் எனக்கு முழுச் சந்தேகமும். ஆள் நல்ல வாசனை அடித்தார். புதுக் கைக்கடிகாரம் கட்டியிருந்தார். இதைவிட என்ன வேண்டும்?

"எல்லாரும் என்னைத்தான் பாக்கறாங்க மேடம்" என்று அவரே ஆரம்பித்தார். "எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. பெட்டி கெட்டுப் போச்சோன்னு கம்பெனி ஆளை வரவழைச்சேன். அவர் மேல போய்ச் சோதிச்சுட்டு, பெட்டி ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தார்."

"நீங்க மேல போய்ப் பாத்தீங்களா?" என்றார் அக்கா.

"எதுக்கு? இங்கயே தெரியுதே." திரையைத் தட்டிக் காட்டினார்.

திரையில் வறட்சி மாதங்களின் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. நடுவில் மட்டும் திடீரென்று எழுந்து நின்றது. மழை ஓய்ந்த கொஞ்ச நாளில் ஒரு தடவை எழுந்து, மறுபடி படுத்தது. பள்ளிப் பரீட்சை சமயத்தில் இன்னொரு தடவை எழுந்து படுத்தது. கோடை ஆரம்பத்தில் மூன்றாவது தடவை எழுந்தது.

"இந்த மேடு எல்லாம் என்ன?"

"அன்னைக்கெல்லாம் அளவு மீறிடுச்சு. யூனிட்டை நிறுத்தச் சொல்லிட்டோம். நாங்க ஒண்ணும் சும்மா இல்ல மேடம்."

"நம்ம ஆள் லீவு போட்டிருக்கார்க்கா!" என்றேன். "பூவாளிக்காரருக்கும் உடம்பு கிடம்பு சரியில்லாமப் போகும்ல? அவர் வராத நாள்ல காத்து உண்மையைச் சொல்லியிருக்கு." எஞ்சினியர் பக்கம் திரும்பினேன். "சார் எப்பெப்ப லீவு போட்டீங்க?"

கேள்வியின் சூட்சுமம் அவருக்குப் புரியவில்லை. வெள்ளந்தியாகச் சொன்னார். மழை முடிந்ததும் வந்த மேட்டுக்கும் பரீட்சை மேட்டுக்கும் நடுவில் அவர் மைத்துனன் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். அந்த நாட்களில் கோடு சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. மேடான நாட்களிலோ மனிதர் இதே நாற்காலியில் இருந்திருக்கிறார். என் சந்தேகம் பிசுபிசுத்துப் போனது.

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "முதல் ரெண்டு தடவை ஏறினது இறங்கிடுச்சு. மூணாவது தடவை?"

"அது எல்லைக்குள்ள இறங்கவே இல்ல. யூனிட்டை நிறுத்தினதுல கொஞ்சம் குறைஞ்சாலும் அளவு இன்னும் அதிகமாத்தான் இருக்கு. அதனால யூனிட் நின்னுதான் கிடக்கு."

"அப்ப லீவுல போனவன் வேலைக்குத் திரும்பவே இல்ல" என்றேன். "ராஜினாமா!"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. எனக்கு முன்னாலேயே அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மாடிக்கு வா" என்றார்.

*

இந்தத் தடவை அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். வெயிலில் சிமென்ட் தரை வெளுத்துக் கிடந்தது. அதில் இன்னும் வெளுப்பாக உப்புக் கறை.

"பூவாளியால தண்ணி அடிச்சா கறை எப்படி இருக்கும்?"

"திட்டுத் திட்டா, பரவலா."

"இது?"

குனிந்து பார்த்தேன். கறை நேர் கோடாக இருந்தது. சொட்டுச் சொட்டாக, ஒரே வரிசையில், பூட்டிய அறையின் சுவரில் தொடங்கி ஆன்டெனாக் கம்பம் வரைக்கும். அங்கிருந்து திரும்பிக் கைப்பிடிச் சுவர் வரைக்கும். அங்கிருந்து மறுபடி அறைக்கு. பெட்டி அந்தக் கட்டத்துக்குள் வசமாக மாட்டிக்கொண்டு நின்றது. கம்பத்தில் தலைக்கு மேல் ஓரிடத்தில் பெயின்ட் வளையமாகத் தேய்ந்து இரும்பு மினுங்கியது. கயிறு கட்டிக் கட்டித் தேய்ந்த இடம்.

"துணி" என்றேன். "ஈரத் துணியைக் கொடியில போட்டிருக்காங்க. அது சொட்டின தடம் இது. ஆனா ஆன்டெனாக் கம்பத்துல கொடி கட்டி யாருக்கா துணி காயப் போடுவாங்க?"

"காயப் போடல. காயாம வச்சிருந்திருக்காங்க." அக்கா பூட்டிய அறையைப் பார்த்தார். "சாவி கொண்டுவரச் சொல்லு."

காவலாளி சாவிக்கொத்தோடு வந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போகாமல் ஓரமாக நின்றுகொண்டார். உள்ளே உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். சின்ன அறை. ஜன்னல் இடுக்கு ஒன்று விடாமல் துணிக் கிழிசலைத் திணித்து, அதன் மேல் டேப் ஒட்டியிருந்தது. கதவின் அடிப்பக்கம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்திருந்தது. ஒரு துளி தூசிகூட உள்ளே வந்துவிடக் கூடாது என்று யாரோ மெனக்கெட்டிருந்தார்கள்.

"இங்க யார் இருந்தா?" அக்காவின் குரல் மிகவும் மெதுவாக வந்தது.

"நாங்கதான் மேடம். பாப்பா போனப்புறம் அவளால இங்க இருக்க முடியல. ஆபீஸ்ல சொல்லி, கீழ கேட் பக்கத்து ரூமுக்கு மாறிட்டோம். இன்னைக்கு வரைக்கும் அவ இந்தப் படி ஏறல."

முழங்கால் வலி இல்லை.

"பாப்பாவுக்கு மூச்சு இழுக்கும் மேடம். தூசி ஆகாது. சுத்தி ஈரத்துணி கட்டுங்க, தூசி உள்ள வராதுன்னு டாக்டர் சொன்னார். வீட்டுக்காரிதான் யோசனை பண்ணா. இருக்கற போர்வை, படுக்கை விரிப்பு எல்லாத்தையும் நனைச்சு மூணு பக்கமும் கட்டிடுவா. அந்தக் கம்பம் வசதியா இருந்துச்சு. காய விட மாட்டா. கூட்டறது பாதியில நிக்கும், ஓடி வந்து தண்ணி தெளிச்சுட்டுப் போவா." மனைவியைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "ஒரு தடவை கம்பெனி ஆள் பெட்டியைப் பாக்க வந்தார். துணியெல்லாம் எடுங்கன்னார். எடுத்தோம். அவர் வேலை முடிஞ்சதும் மறுபடி கட்டிக்கிட்டோம்."

"கட்டாத நாள் உண்டா?"

"ஆஸ்பத்திரியில சேத்தப்ப மட்டும் கட்டல. மழை விட்ட புதுசுல ஒரு தடவை. பரீட்சை நேரத்துல ஒரு தடவை." கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். "அப்புறம் கடைசித் தடவை."

நான் லீவு என்றேன். ராஜினாமா என்று சொல்லிச் சிரித்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையைப் பார்த்தேன். எதையும் பார்க்க முடியவில்லை, கண் கலங்கியிருந்தது.

பெட்டி பொய் சொல்லவில்லை. அதைச் சுற்றியிருந்த காற்று உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. ஒரு தாய் தன் குழந்தைக்காக நாள் முழுக்க நனைத்து நனைத்துச் சுத்தப்படுத்திய காற்று அது. அதை ஊர்க் காற்று என்று நம்பிய ஆணையம் பழைய யூனிட்டை ஓட விட்டது. அந்தப் புகையைத்தான் குழந்தை பள்ளிக்குப் போகும் வழியெல்லாம், வகுப்பில், விளையாடும் இடத்தில் மூச்சாக இழுத்தாள். துணி கட்டாமல் இருந்திருந்தால் யூனிட் நின்றிருக்கும். இதை அந்த அம்மாவிடம் யார் சொல்வது? எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டாலோ, நாளைக்கு அந்த நம்பரைக் காட்டி அனுமதி வாங்கிவிடுவார்கள். ஊரில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"ஏன் மேடம் கேக்கறீங்க?" என்றார் காவலாளி. அவருக்கு இன்னும் எதுவும் புரியவில்லை.

அக்கா பதில் சொல்வதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

காவலாளியின் மனைவி கடைசிப் படியில் நின்றார். கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை, திறந்து கிடந்த கதவையே பார்த்தார்.

"சாவியை எடுத்துட்டு வந்தவரை ரொம்ப நேரமாக் காணோம்" என்றார். பிறகு, "பேர் கிடைச்சுதா மேடம்?"

"இல்லம்மா" என்றார் அக்கா. "கண்டுபிடிக்க முடியல."

இத்தனை வருஷத்தில் அக்கா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பழக்கமில்லாததால் நன்றாகச் சொல்ல வரவில்லை.

"காலைல இவர் தண்ணின்னு சொன்னார். கவலைப்படாதீங்கன்னு சொன்னார்." அவர் என்னிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. உங்களால பேசாம இருக்க முடியாதே."

முடிந்தது. முதல் தடவையாக என்னால் பேசாமல் இருக்க முடிந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. பார்வையைத் திருப்பினேன். பாழாய்ப்போன கண் போய் நின்ற இடம் ஆன்டெனாக் கம்பம்.

என் பார்வை போன வழியிலேயே அவர் நடந்தார். கம்பத்தின் அருகில் போய், கையை உயர்த்தி, பெயின்ட் தேய்ந்த வளையத்தைத் தொட்டார். அதன் கீழேயே பெட்டி. கைக்கெட்டும் தூரத்தில் காற்றை உறிஞ்சும் அந்தக் குழாய்.

"இது என் கயிறு" என்றார்.

கையை இறக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"ஈரமா வச்சிருந்தா நம்பர் குறைஞ்சிடும்னு சொன்னீங்களே தம்பி." குரல் உயரவில்லை. வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கும் குரல்தான். "அப்ப அது நான்தானா?"

"இல்ல" என்று அக்கா இரண்டே எட்டில் அவர் பக்கத்தில் போய் நின்றார். "குடும்பம் இருக்கற இடத்துல பெட்டியை வச்சது அவங்க. ஒயர் செலவு மிச்சம்னு சொந்த ஆபீஸ் மாடியிலயே வச்சாங்க. நம்பர் குறைஞ்சதும் கைதட்டிப் படம் மாட்டினது அவங்க. ரெண்டு மாடி ஏறி வந்து பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், ஆபீஸ்ல ஒருத்தர்கூட வரல. நீங்க உங்க குழந்தையைப் பாத்துக்கிட்டீங்க. அவ்வளவுதான் நீங்க பண்ணது."

"சரி மேடம். நான் கட்டினதால யூனிட் ஓடுச்சா, இல்லையா?"

அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். காவலாளிக்கு இப்போது புரிந்துவிட்டது. சாவிக்கொத்து கையிலிருந்து விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. "வேணாம்மா... கீழ வா. வா, போயிடலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மனைவி அசையவில்லை. கம்பத்தை விட்டுக் கையையும் எடுக்கவில்லை. அழவும் இல்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

"நாளைக்கு நான் பேசறேன்" என்றார் அக்கா. "துருவைக் காட்டறேன், தரையில இருக்கற கறையைக் காட்டறேன். உங்க பேர் வேணாம். நீங்க வரவே வேணாம்."

"யார் கட்டினதுன்னு கேப்பாங்கல்ல? மின் நிலையத்து வக்கீல் கேப்பார்ல?"

"கேப்பார்."

"பதில் சொல்லலன்னா பொய்ன்னு தள்ளிடுவாங்கல்ல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நான் வந்துதான் ஆகணும்."

சொல்லிவிட்டு அவர் அந்த அறை வாசலுக்குப் போனார். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில், ஜன்னலுக்குக் கீழே இருந்த வெற்றுத் தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அங்கேதான் அவள் படுத்திருக்க வேண்டும். பிறகு கணவரைக் கூப்பிட்டார்.

"ஏங்க."

"ம்."

"துணி கட்டின நாள்ல அவ தூங்கினாளா, இல்லையா?"

காவலாளி கீழே கிடந்த சாவிக்கொத்தைக் குனிந்து எடுத்தார்.

"தூங்கினா. இருமலே இல்லாம, காலை நல்லா நீட்டிப் படுத்துத் தூங்கினா."

அவர் மனைவி தலையாட்டிக்கொண்டார். சேலை முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார்.

"நாளைக்கு அதை நீங்க சொல்லுங்க" என்றார். "மத்ததை நான் சொல்லிக்கறேன்."